மிஸிக்கும் சதுப்புக்கும் என்ன சம்பந்தம்?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஒக்டோபர் 11, 2024

உங்கள் பெரியம்மாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். 39 வருடம் தாதியாக, அதாவது மிஸியாக, வேலை செய்தவர். அதை எழுதினால் போதும். கொழும்புக்குப் பக்கத்து அத்திடியச் சதுப்பு, கொக்கு, பூனை எல்லாம் பென்சன் எடுத்தபின் வந்த பொழுதுபோக்குத்தானே, அதை ஏன் இதோடு சேர்க்கிறீர்கள்? இன்னொன்று. அந்தச் சதுப்பை எப்போதோ மண் போட்டு மூடியிருந்தால் எங்கள் பக்கம் டெங்கு பாதியாகக் குறைந்திருக்கும். இதை நான் மட்டும் சொல்லவில்லை, எங்கள் ஒழுங்கையே சொல்கிறது.

ஒக்டோபர் 11, இரவு

இரண்டாவதை முதலில் முடிக்கிறேன். பெரியம்மா இருந்து இதைக் கேட்டிருந்தால் பதில் சொல்லாமல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்க மாட்டார்.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு சதுப்பைத் தேடிப் போவதில்லை. அதற்கு வேண்டியதெல்லாம் நம் வளவுக்குள்ளேயே இருக்கிறது. யோகட் கப், சிரட்டை, பழைய டயர், இலை அடைத்த கூரைப் பீலி, பூச்சாடியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு. ஒரு மூடியளவு தண்ணீர் கிடைத்தால் அதற்குப் போதும்.

ஒருநாள் பெரியம்மா எங்கள் ஒழுங்கை முனையில் கிடந்த யோகட் கப் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். அரைக் கப் மழைத்தண்ணீர். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரலால் மெல்லத் தட்டியதும் மேலே நின்ற குடம்பிகள், நுளம்பின் புழுக்கள், எல்லாம் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்கின. இருபதுக்குக் குறையாது. நான் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கப்பைக் குப்பையில் போடப் போனேன். கையைப் பிடித்துவிட்டார். "ஊத்தினாக் காணாது தம்பி, உள்பக்கம் தேய்க்கோணும்." முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தில் ஒட்டியிருக்கும். காய்ந்துபோனாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். ஒழுங்கைப் பிள்ளைகள் அவருக்கு 'நுளம்பு மிஸி' என்று பெயர் வைத்ததே இதற்குத்தான். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு நாளை எழுதுகிறேன். 'பொழுதுபோக்கு' என்ற சொல்லைப் படித்ததும் மனம் கொதித்துவிட்டது. அந்தச் சூட்டோடு எழுத விரும்பவில்லை.

ஒக்டோபர் 12

பெரியம்மா 1967இல் கொழும்பில் தாதியர் பயிற்சிக்குச் சேர்ந்தார், 2006இல் ஓய்வுபெற்றார். சதுப்புக்குப் போனது ஓய்வுக்குப் பிறகு இல்லை. பயிற்சி முடிந்து வார்டுக்கு வந்த சில வருடங்களிலேயே போயிருக்கிறார். போனது பறவை பார்க்கவும் இல்லை, ஒரு காலைப் பார்க்க.

அந்த நாளில் இந்தக் கரையோரப் பக்கத்தில் யானைக்கால் சாதாரணம். அத்திடியப் பக்கம் கங்குன் கீரை பயிர் செய்த ஒரு சிங்கள ஐயா வீங்கிப் புண்பட்ட காலோடு வந்து பெரியம்மாவின் வார்டில் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தார். அந்த நோய்க்குப் பராமரிப்பு என்றால் கழுவுவதுதான். சவர்க்காரமும் தண்ணீரும். தோல் மடிந்திருக்கும் ஒவ்வொரு இடத்தையும் விரித்துக் கழுவ வேண்டும். அப்புறம் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கால்விரல் இடுக்குகளில் ஈரம் நின்றால் புண் வரும், புண் வந்தால் காய்ச்சல் வரும். கோஸ் துணியைத் திரிபோல முறுக்கி விரலிடுக்கு ஒவ்வொன்றிலும் விட்டு எடுப்பார். எனக்கு அதைச் செய்து காட்டியிருக்கிறார், என் காலிலேயே. ஒரு காலுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. வார்டில் அதை அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் செய்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த ஐயா வீட்டுக்குப் போனபின் கழுவுகிறாரா இல்லையா என்று பெரியம்மாவுக்கு நிம்மதி இல்லை. இரவு டியூட்டி ஏழு மணிக்கு முடியும். ஒருநாள் விடுதிக்குத் திரும்பாமல் அப்படியே பஸ் ஏறிவிட்டார். ஐயா கழுவிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கழுவுவதற்கு எடுத்த தண்ணீர் வீட்டுக்குப் பின்னால் வடிகால் கான் அடைத்து நின்ற தண்ணீர். அந்தக் கானை அடைத்திருந்தது குப்பை. கானுக்கு அப்பால் சதுப்பு, வெள்ளை வெள்ளையாகக் கொக்குகள், தாமரை இலை மேல் நடக்கும் இலைக்கோழி.

பெரியம்மாவின் கதை அந்தக் கானில் தொடங்கியது என்றே நினைக்கிறேன். கால், தண்ணீர், கான், சதுப்பு எல்லாம் அவர் கண்ணில் ஒரே நோயாளியாகத்தான் பட்டன.

ஒக்டோபர் 12, பிறகு

அந்தச் சதுப்பு எப்போது சரணாலயமானது என்று கேட்டிருந்தீர்கள்: பெல்லன்வில – அத்திடிய சரணாலயமாக அறிவிக்கப்பட்டது 1990இல். 372 ஹெக்டயர். அப்போது பெரியம்மா வார்ட் சிஸ்டர், ஓய்வுக்கு இன்னும் 16 வருடம் இருந்தது.

ஒக்டோபர் 13

கடுவெல, கொலன்னாவைப் பக்கமெல்லாம் வெள்ளம். மழை விடவே இல்லை. இன்றைக்கு நீளமாக எழுத மனமில்லை. 2010 நவம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளும் தண்ணீர் போனது நினைவிருக்கிறதா? அந்தப் பாராளுமன்றமே தியவன்னாச் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் கட்டி, 1982இல் திறந்தது. அன்று காலை பெரியம்மா ரேடியோவைக் கேட்டுவிட்டுச் சொன்னது: "தண்ணி தன்ரை வீட்டுக்குத்தான் வந்திருக்கு."

ஒக்டோபர் 15

ஒரு திருத்தம். 11ஆம் திகதி நான் எழுதியதைப் படித்தால் சதுப்பில் நுளம்பே இல்லை என்பதுபோல இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த ஒருவர் அழைத்துப் பேசினார். அவர் சொன்னது சரி. சதுப்பிலும் நுளம்பு உண்டு, ஆனால் அது வேறு இனம். மன்சோனியா என்ற நுளம்பின் குடம்பி ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் துளையிட்டு அங்கிருந்தே காற்றை எடுக்கும். யானைக்காலைப் பரப்பிய கியூலெக்ஸ் அழுக்குத் தண்ணீரை விரும்பும். அடைத்த கான், மலக்குழி, குப்பை விழுந்த கால்வாய்.

ஆகவே சொல்ல வேண்டியது இது: தண்ணீர் ஓடும், மீனும் தும்பியும் இருக்கும் சதுப்பு குடம்பியைத் தின்றுவிடும். மண் கொட்டிப் பாதி மூடிய சதுப்பில் மீன் சாகும், தண்ணீர் தேங்கும், நுளம்பு பெருகும். உங்கள் ஒழுங்கை கேட்கும் 'மூடுதல்' நடந்தால் உங்களுக்குக் கிடைக்கப்போவது இந்த இரண்டாவது.

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கை யானைக்காலை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அதே வருடம் மலேரியாவும் போனது. அந்த இரண்டு பத்திரிகைத் துண்டுகளையும் பெரியம்மா வெட்டிச் சாமி அறையில் படங்களுக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார். இப்போதும் இருக்கின்றன, ஓரம் மஞ்சளாகிவிட்டது. அந்தக் கங்குன் ஐயா அதைப் பார்க்க உயிரோடு இருக்கவில்லை.

ஒக்டோபர் 16

டெங்கு பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அதில் நானும் ஒருவன்.

பெரியம்மாவுக்கு அப்போது 71 வயது. என் கட்டிலருகே ஒரு சி.ஆர். கொப்பி வைத்தார். கோடு போட்டு நான்கு நிரல்: நேரம், குடித்தது, போனது, குறிப்பு. பழைய ஜூஸ் போத்தலில் பிளாஸ்டர் ஒட்டி மில்லிலீற்றர் குறித்து, அதில்தான் சிறுநீர் கழிக்க வைத்தார். 28 வயதுப் பையனுக்கு அது எவ்வளவு கூச்சமாக இருக்கும்! அவர் என் முகத்தையே பார்க்காமல் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து, வாசித்து, எழுதிவிட்டுப் போவார். பனடோல் தவிர வேறு குளிசை கிடையாது. உடம்புநோவுக்கு ஒரு நண்பன் வாங்கித் தந்த டைக்குளோபெனாக்கைப் பிடுங்கி எடுத்துவிட்டார், அது இரத்தக்கசிவைக் கூட்டும் என்று.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்குச் சந்தோஷம், எழுந்து பாண் கேட்டேன். அவர் முகம்தான் இறுகியது. "விட்டிட்டுது எண்டு நினைக்காதை. இனித்தான் பாக்கோணும்." டெங்கில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அன்று இரவு எனக்கு வயிற்றுவலி. இரண்டு முறை சத்தி எடுத்தேன். கொப்பியில் 'போனது' என்ற நிரல் கிட்டத்தட்ட வெறுமை. அவர் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு முச்சக்கரவண்டியில் என்னை ஏற்றினார். அங்கே நின்ற இளம் வைத்தியர் பக்கத்தை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று அவரோடு பேசினார்.

நான் பிழைத்தேன். வீட்டுக்கு வந்த அன்று மாலையே பெரியம்மா மொட்டைமாடியில் பீலி துப்பரவு செய்துகொண்டிருந்தார். எனக்குக் கடித்த நுளம்பு எங்கள் பீலியில்தான் பிறந்தது என்பது அவருடைய முடிவு. அத்திடியச் சதுப்பை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஒக்டோபர் 17

பூனை பற்றிக் கேட்டவருக்கு: மீன்பிடிப் பூனை, சிங்களத்தில் ஹந்துன் திவியா. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு பருமன். விரல்களுக்கிடையில் சவ்வு, தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கும். கொழும்புக்குள்ளேயே, சதுப்பும் கால்வாயும் இருக்கும் இடங்களில் வாழ்கிறது. பெரியம்மா உயிரோடு ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. எத்தனையோ விடியற்காலை போயும் சேற்றில் கால்தடம்தான். பார்த்த ஒரே ஒன்று வீதியில் அடிபட்டுக் கிடந்தது. பழைய பெட்ஷீட் ஒன்றில் அதைச் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, வனவிலங்குத் திணைக்களத்துக்கு அறிவித்து, ஆள் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். காகம் வந்து கண்ணைக் கொத்திவிடும் என்று.

ஒக்டோபர் 18

சொல்ல வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு சதுப்புத் துண்டில் இரவு இரவாக லொறியில் மண் கொட்டினார்கள். தாழ்நிலம் நிரப்ப அனுமதி வேண்டும், அங்கே அனுமதி இல்லை. பெரியம்மா அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று இரவு உட்கார்ந்து லொறி இலக்கங்களை எழுதினார். இரவு டியூட்டி பார்த்துப் பழகிய கண், தூங்காது. தேதி, நேரம், இலக்கம், எத்தனை நடை. சிங்களத்தில் ஒரு கடிதம், தமிழில் ஒரு கடிதம். பதில் இல்லை. நேரில் போனோம், நான்தான் கூட்டிப்போனேன். மூன்று மணி நேரம் வாங்கில் இருத்தினார்கள். கடைசியில் வந்த அதிகாரி கொப்பியைத் திறக்கவே இல்லை. "மிஸி, நீங்கள் ஊசி போடுற வேலையைப் பார்த்திருந்தால் போதும்" என்றார், சிரித்துக்கொண்டே.

பெரியம்மா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார், விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. அந்தத் துண்டு இன்று மூன்று வீடும் ஒரு மதிலும். அடுத்த ஒழுங்கையில் மழைக்கு மழை முழங்கால் தண்ணீர்.

அன்று நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று இன்னும் கேட்டுக்கொள்கிறேன். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் தமிழில் குரலை உயர்த்தப் பயந்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அது காரணமாக இருக்கலாம், ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை.

ஒக்டோபர் 19

புதிதாக வரும் தாதி மாணவிகளுக்கு அவர் சொல்லும் கதை ஒன்று. கிரிமியப் போரில் ஸ்குடாரி ஆஸ்பத்திரியில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்கள்தான் அதிகம். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அதைக் கழுவ வைத்தார், சாவு குறைந்தது. "விளக்கைப் பிடிச்சவ எண்டு படம் வரைஞ்சு வைச்சிருக்கினம். சாக்கடையை ஆர் வரையினம்?" என்பார்.

நாளை 31ஆம் நாள். மலர் அச்சாகி வந்துவிட்டது. நான் எழுதிய பக்கம் எனக்கே பிடிக்கவில்லை. 'தன்னலமற்ற சேவை' என்று எழுதியிருக்கிறேன். எந்த மலரைப் புரட்டினாலும் அது இருக்கும். அந்தப் போத்தலும் பிளாஸ்டரும் அதில் இல்லை.

ஒக்டோபர் 20, இரவு

இன்றைக்கு வந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர் எல்லோரும். பாமன்கடை முச்சக்கரவண்டிக்காரர் இரண்டு பேர். அவரிடம் வார்டில் வேலை பழகி இப்போது மேட்ரனாக இருப்பவர். கங்குன் ஐயாவின் மகள், அவரே இப்போது பாட்டி, ஒரு கட்டு கங்குன் கீரையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். படத்துக்கு முன்னால் பூவோடு பூவாக அதையும் வைத்தோம்.

சாப்பாடு கொண்டுவந்தவர்கள் கோப்பைகளுக்கு மேல் லஞ்ச் ஷீட் என்ற பொலித்தீன் தாளை விரிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2017 செப்டெம்பரில் தடை வந்து ஏழு வருடம், இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அம்மா ஓடிவந்து எல்லாவற்றையும் உருவி எடுத்தார். "அக்காவின்ரை திவசத்திலை உதோ?" பிறகு எண்பது கோப்பை கழுவினோம். வந்த பெண்களில் பாதிப்பேர் தாதிமார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாகக் குந்தியிருந்து கழுவிய கைகளைப் பார்த்தேன். எல்லோருக்கும் அதே பழக்கம், முழங்கைவரை.

ஒக்டோபர் 21

19ஆம் திகதி எழுதியதில் பிழை. ஸ்குடாரியின் சாக்கடையைக் கழுவியது 1855இல் பிரிட்டனிலிருந்து வந்த ஒரு சுகாதார ஆணைக்குழு, நைட்டிங்கேல் இல்லை. போர் முடிந்து ஊர் திரும்பிச் சாவுக் கணக்குகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் சுகாதாரக் கேடு எவ்வளவு பேரைக் கொன்றது என்பது அவருக்கு முழுதாக விளங்கியது. பிறகு அந்தக் கணக்கை வரைபடமாக்கி அரசாங்கத்தின் முன் வைத்தார்.

பெரியம்மா கதையைச் சுருக்கிச் சொன்னாரா, நான் அப்படி நினைவு வைத்தேனா, இனிக் கேட்க வழியில்லை. ஆனால் இந்தச் சரியான கதைதான் அவருக்கு இன்னும் பொருத்தம். அலுமாரியில் 41 சி.ஆர். கொப்பி இருக்கிறது. நேற்று இரவு எண்ணினோம். என் டெங்குக் கொப்பிக்கும் பறவைக் கொப்பிக்கும் ஒரே கோடு, ஒரே நான்கு நிரல். 'குடித்தது, போனது' இருந்த இடத்தில் 'இனம், எத்தனை'. கூழைக்கடா 14. நீலத் தாழைக்கோழி 9. மீசை ஆலா, எண்ண முடியவில்லை.

ஒக்டோபர் 22

1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நாளில் அவர் எங்கே என்று ஒருவர் கேட்டார். வார்டில்தான். ஜனவரி 31. 91 பேர் இறந்தார்கள், 1,400 பேர் காயம். தமிழ்த் தாதி ஒருவர் அன்று அந்த வார்டில் நிற்பது எப்படியிருந்திருக்கும் என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னதில்லை. கண்ணாடியைப் பற்றி மட்டும் ஒருமுறை சொன்னார். சுற்றியிருந்த கட்டடங்களின் ஜன்னல் எல்லாம் சிதறி மனிதர்கள் மேல் பாய்ந்திருந்தது. ஒரு பெண்ணின் தலைமுடிக்குள் இருந்து துண்டு துண்டாக எடுத்துக் கிட்னி ட்றேயில் போட்டாராம். போட்ட ஒவ்வொன்றும் 'ணங்' என்று சத்தம். அந்தப் பெண் சிங்களத்தில் கேட்டாளாம், இன்னும் எத்தனை மிஸி என்று. அவர் எண்ணிக்கொண்டே எடுத்தாராம், அவளுக்குக் கேட்கும்படி.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது 1,600 தொன்னுக்கும் மேலான பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. கொரோனாப் பயணத்தடை தளர்ந்ததும் வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். 75 வயது, முழங்கால் மடங்காது. சின்ன முக்காலி போட்டு உட்கார்ந்து, மா அரிக்கும் அரிதட்டில் மணலை அள்ளி அரித்தார். மணல் இறங்கிவிடும், பருப்பளவு வெள்ளை மணிகள் நிற்கும். அதிலும் கிளிஞ்சல் துண்டு கலந்திருக்கும். கிளிஞ்சலை மணலுக்கே திருப்பிப் போட்டுவிட்டு, மணியை ஒவ்வொன்றாக விரலால் எடுத்து ஜாம் போத்தலில் போட்டார். உதடு அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒக்டோபர் 23

முதல் கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். தன் வீட்டுப் பீலியை ஏறிப் பார்த்தாராம். அதற்கு மேல் அவர் எழுதியதை இங்கே போடக் கேட்கவில்லை, போடவில்லை. நான் கோபமாக எழுதியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

2018இல் ராம்சார் என்ற சர்வதேச சதுப்புநில ஒப்பந்தத்தின் கீழ் கொழும்பு சதுப்புநில நகரமாக அங்கீகாரம் பெற்றதைப் பற்றி அவர் கேட்டிருந்தார். உண்மைதான், முதல் தொகுதியில் தெரிவான 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பெரியம்மா அன்று பாயசம் வைத்தார். அடுத்த நாளே லொறி இலக்கம் எழுதவும் போனார்.

ஒக்டோபர் 27

நான் ஏ.எல். (உயர்தரம்) படிக்க வந்து பெரியம்மா வீட்டில் தங்கிய முதல் வருடம், இதே ஒக்டோபர். காலையில் சமையலறைத் தரையில் ஒரு குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, வயிற்றுக்கு அடியில் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி. ஆறுமணிக்குருவி. இந்தியாவிலிருந்து இரவில் பறந்து வரும். வந்து சேரும்போது களைத்து, வெளிச்சத்தில் குழம்பி, வீடுகளுக்குள் விழுந்துவிடும். நான் கரண்டியில் தண்ணீர் எடுத்து வாயில் விடப் போனேன். "விடாதை, புரைக்கேறும்." செருப்பு வந்த அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, துணி விரித்து, இரண்டு கையாலும் ஏந்தி உள்ளே வைத்து மூடினார். இருட்டும் அமைதியும், வேறொன்றும் இல்லை. பகல் முழுக்க வானொலியைப் போட விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் போய்ச் சொன்னார், நோயாளி இருக்கிறார் சத்தம் வேண்டாம் என்று. மாலை வெயில் தாழ்ந்தபின் கால்வாய்ப் பக்கத்து மரத்தடியில் பெட்டியைத் திறந்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இல்லை.

இன்று காலை கால்வாய்ப் பக்கம் அதன் சத்தம் கேட்டது. இரண்டு சுரம். மூன்று தரம் கூப்பிட்டது.

அலுமாரியில் கடைசிக் கொப்பியில் பாதி வெறுமையாக இருந்தது. கோடு அவரே போட்டு வைத்திருந்தார். எழுதினேன்.

ஒக்டோபர் 27. காலை 6.05. ஆறுமணிக்குருவி, ஒன்று. சத்தம் மட்டும். குறிப்பு: பீலியில் இலை, இன்றைக்கே எடுக்க வேண்டும்.